கையெழுத்துப் போட மனமில்லாதவர்கள்

சில வருடங்களுக்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் மகள் அப்போது தொடக்கநிலை மூன்று. சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு..." அந்த இடத்தில் வண்டி நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. அந்த நாட்டின் உறுதிமொழி அது, அங்கே பற்றுறுதி என்பார்கள். நாலாவது தடவை அவள் திணறியபோது, "இதை யார் எழுதினாங்க தெரியுமா?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "லீ குவான் யூ." அவள் அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

எழுதியவர் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம். பெயரைச் சொன்னதும் நண்பருக்கு ஞாபகம் வந்துவிட்டது, அவரைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூர் என்றால் லீ குவான் யூ என்று நம் எல்லோர் தலையிலும் ஒரே படமாகப் பதிந்து கிடக்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பயணத்துக்கு அப்புறம் கிடைத்ததை எல்லாம் படிக்க ஆரம்பித்தபோது என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு: 1965-ல் அந்த நாடு பிறந்தபோது, அதைப் பெற்றவர்களில் சிலர் அந்தப் பிள்ளையே வேண்டாம் என்று நின்றவர்கள்.

கதை தெரிந்தவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

1963 செப்டம்பர் 16 அன்று சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்தது. இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. 1964-ல் இரண்டு தடவை இனக்கலவரம், 36 பேர் செத்தார்கள். கோலாலம்பூரில் இருந்த மத்திய அரசுக்கும் சிங்கப்பூரை ஆண்ட மக்கள் செயல் கட்சிக்கும் பணம், அரசியல், இனம் என்று எதிலுமே ஒத்துப்போகவில்லை. 1965 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, சிங்கப்பூர் தனி நாடு என்று வானொலியில் அறிவிப்பு வந்தது. சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ தொலைக்காட்சியில் அழுத காட்சியை எல்லோரும் பார்த்திருப்போம்.

அந்த அழுகைக்கு முந்தைய மூன்று வாரங்களில் நடந்ததுதான் எனக்குச் சுவாரசியம்.

முதலில் கோ கெங் சுவீ. நிதி அமைச்சர். மலாக்காவில் பிறந்தவர், லண்டனில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், எந்தச் செலவானாலும் இரண்டு தடவை யோசிக்கிற ஆள். அவரிடம் ஒரு கோப்பு இருந்தது. மேல் அட்டையில் 'அல்பட்ரோஸ்' என்று பெயர். ஒரு பழைய ஆங்கிலக் கவிதையில் கப்பலோட்டியின் கழுத்தில் பாரமாகத் தொங்கும் அந்தக் கடல்பறவைதான். அவருக்கு மலேசியா என்பது கழுத்தில் தொங்குகிற பிணம், கழற்றினால் தப்பித்தோம். ஜூலையில் மலேசியத் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்கோடு யாருக்கும் தெரியாமல் பேச ஆரம்பித்தார். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அப்போது அக்கிப் புண்ணோடு லண்டனில் படுத்திருந்தார். லீ சொல்லி அனுப்பியது இன்னும் கொஞ்சம் தளர்வான கூட்டாட்சிக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கத்தானாம். கோ அந்தப் பக்கமே போகவில்லை. பேச்சின் தொடக்கத்திலேயே முழுப் பிரிவுக்கு ஒத்துக்கொண்டுவிட்டார். இதை அவரே முப்பது வருடம் கழித்துத்தான் வாய்திறந்து சொன்னார். ஒரு நாடு பிறந்த கதையை முப்பது வருடம் மனதில் பூட்டி வைத்திருந்த மனிதரை என்ன சொல்வது? இந்த நெஞ்சழுத்தம் எனக்கெல்லாம் ஒரு வாரத்துக்குக்கூட வராது.

ரசாக்கோடு பேசும்போது அவர் சொன்ன முக்கியமான ஒன்று, இதைச் செய்வதென்றால் சட்டென்று செய்ய வேண்டும், மலேசிய நாடாளுமன்றம் கூடுகிற ஆகஸ்ட் 9-க்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும், பிரிட்டிஷ்காரர்கள் காதுக்குப் போகவே கூடாது. போயிருந்தால் தடுத்திருப்பார்கள்.

அப்புறம் எட்டி பார்க்கர். யுரேஷியர், அதாவது ஐரோப்பிய ஆசியக் கலப்பு வம்சம், ஹாக்கியில் கெட்டிக்காரர், லீயோடு படித்து அவர் வழக்கறிஞர் அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர், அப்போது சட்ட அமைச்சர். பிரிவினை ஆவணங்களை எழுதச் சொல்லி லீ இவரிடம்தான் கொடுத்தார். பிரிவினை ஒப்பந்தம், மலேசிய அரசியலமைப்பைத் திருத்துகிற சட்டம், சுதந்திரப் பிரகடனம். மூன்றும் பார்க்கர் மேசையில் உருவானவை. ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் வருவதற்கு 1961, 1962-ல் போட்ட ஒப்பந்தங்கள் செல்லும் என்று மலேசிய அரசு உத்தரவாதம் தருகிறது என்பதை அந்தப் பிரிவினை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். தண்ணீர்க் குழாய் அடுத்த நாட்டின் வழியாக வருகிற ஊருக்கு, கொடி, கீதம் எல்லாம் பிறகு, முதலில் இந்த வரி.

ஆகஸ்ட் 6 இரவு கோலாலம்பூரில் ரசாக் வீட்டில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். தட்டச்சு செய்கிறவர்களுக்குச் சட்ட ஆவணம் பழக்கமில்லை, மெதுவாகப் போகிறது. அமைச்சர்கள் கையில் கோப்பையோடு காத்திருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டி, ஏழாம் தேதி பிறந்த பிறகுதான் முதல் கையெழுத்துகள் விழுந்தன. கையெழுத்து முடிந்து பார்க்கர் திரும்பிப் போனபோது லீ அவரிடம், ரத்தம் சிந்தாமல் ஒரு புரட்சியை முடித்துவிட்டோம் என்றாராம். பார்க்கர் அதற்குப் பிறகு 1988 வரை சட்ட அமைச்சராக இருந்தார். சிங்கப்பூருக்கு வெளியே அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒப்பந்தத்தில் மலேசியத் தரப்பில் கையெழுத்திட்ட ஐந்து பேரில் ஒருவர் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ.தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் பிறந்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த அதே சம்பந்தன். சிங்கப்பூர்த் தரப்பில் கையெழுத்திட்ட பத்துப் பேரில் ஒருவர் சின்னத்தம்பி ராஜரத்தினம். ஒரே தாளில், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பெயர், இந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பெயர்.

ஆனால் ராஜரத்தினம் லேசில் பேனாவை எடுக்கவில்லை.

அவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915-ல் பிறந்தார். அம்மா பிள்ளைப்பேற்றுக்காக ஊருக்குப் போனபோது பிறந்தது, அவ்வளவுதான். சில மாதங்களிலேயே மலாயாவுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு ரப்பர்த் தோட்டத்தில் வேலை. வளர்ந்தது சிரம்பானில். சட்டம் படிக்க லண்டன் போனார், போர் வந்தது, படிப்பு முடியவில்லை, பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார், பிரோஷ்கா என்ற ஹங்கேரியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1947-ல் திரும்பி வந்து சிங்கப்பூரில் பத்திரிகையாளர் ஆனார். 1957-ல் மலாயா வானொலிக்காக ஒரு தொடர் நாடகம் எழுதினார், ஒரு தேசம் உருவாகிக்கொண்டிருப்பதைப் பற்றி. அந்தத் தேசம் சிங்கப்பூர் இல்லை, மலாயா. அவருக்கு நாடு என்றால் அதுதான். சிங்கப்பூர் அதன் தெற்கு முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஊர்.

துணைப் பிரதமர் டோ சின் சாய்க்கும் அதே கதை. பேராக்கில் தைப்பிங்கில் பிறந்தவர், உடலியல் படித்த விஞ்ஞானி, கட்சி 1954-ல் தொடங்கிய நாளிலிருந்து அதன் தலைவர். லீ பொதுச் செயலாளர் மட்டும்தான், தலைவர் நாற்காலி 1981 வரை டோவுடையது. சிங்கப்பூர்க் கொடியை உருவாக்கும் வேலையைப் பார்த்தவரும் அவரே. சீனர்கள் ஐந்து நட்சத்திரம் கேட்க, மலாய்க்காரர்கள் பிறை கேட்க, முழுக்கச் சிவப்பாக வைத்தால் கம்யூனிஸ்ட் கொடி என்பார்கள் என்று பயம் வேறு. இன்று பறக்கிற கொடியில் இந்த எல்லாக் கவலைகளும் ஒன்றுவிடாமல் தெரியும்.

இவர்கள் இரண்டு பேரும் பிரிவதற்கு மூன்று மாதம் முன்புதான் மலாயா, சபா, சரவாக் கட்சிகளைக் கூப்பிட்டு எல்லா இனத்துக்கும் சமமான 'மலேசியர்களின் மலேசியா' என்ற முழக்கத்தோடு ஒரு கூட்டணி கட்டியிருந்தார்கள். எங்களை நம்பி வாருங்கள் என்று ஆள் சேர்த்தவர்கள். இப்போது கோலாலம்பூருக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு தாளைக் கொடுத்து, நாம் பிரிகிறோம், கையெழுத்துப் போடு என்றால்? வளர்ந்த ஊரும் உறவும் அந்தப் பக்கம். நம்பி வந்த கூட்டாளிகளும் அந்தப் பக்கம். ராஜரத்தினம் சிகரெட் மேல் சிகரெட்டாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டோ முடியவே முடியாது என்றார், துங்குவைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார். துங்கு சந்திக்கவில்லை. கடிதம் எழுதி அனுப்பினார். நிலைமை என் கட்டுப்பாட்டில் இல்லை, வேறு வழியே இல்லை என்ற பொருளில். அதைப் படித்த பிறகுதான் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தக் கடிதத்தை இறுக்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பாரா டோ, இல்லை மேசையிலேயே விட்டிருப்பாரா என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. தேவையில்லாத கற்பனைதான், ஆனால் ஒரு நாட்டின் பிறப்புச் சான்றிதழில் அரை மனதோடு கையெழுத்துப் போட்டவரின் கையை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிற்காலத்தில் அமைச்சர் பதவி போன பிறகு, டோ நாடாளுமன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு தன் சொந்தக் கட்சி அரசாங்கத்தையே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக் குடைந்தார். அது அன்றைக்கே தெரிந்த குணம்தான் போல.

கையெழுத்துப் போட்ட பத்துப் பேரில் இன்னொருவர் லிம் கிம் சான். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். ஜவ்வரிசி செய்ய இயந்திரம் உருவாக்கிக் காசு பார்த்த வியாபாரி. போர்க்காலத்தில் ஜப்பானியர்களிடம் சித்திரவதை பட்டவர். 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஆனார், மூன்று வருடம் சம்பளம் வாங்காமல். பதவி ஏற்றதும் சைனாடவுன் பக்கம் மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனார். ஒரு இருட்டறையில் பலகைப் படுக்கையில் ஒருவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறார். உடம்பு சரியில்லையா என்று கேட்டால், இல்லை, இருப்பது ஒரே கால்சட்டை, அதைச் சகோதரன் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான் என்று பதில். இதை லிம் பல வருடம் கழித்து நினைவுகூர்ந்திருக்கிறார்.

பழைய பிரிட்டிஷ் அமைப்பு 32 வருடத்தில் கட்டியது சுமார் 23,000 வீடுகள். லிம்மின் கழகம் முதல் ஐந்து வருடத்தில் 50,000-க்கும் மேல் கட்டியது. நடுவில் 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீயில் பெரிய தீ, ஏறக்குறைய 16,000 பேர் தெருவுக்கு வந்தார்கள், அவர்களுக்கும் வீடு கட்டியாக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: பத்தாயிரம் வீடு கட்ட இவர்களால் முடியுமா, அதற்கு ஆளும் பொருளும் இருக்கிறதா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு அறிக்கையை எழுதி முடிப்பதற்குள் இங்கே பத்தாயிரமும் கட்டி முடிந்துவிட்டது.

கோ கெங் சுவீக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் கையெழுத்துக்கு அப்புறம்தான் அவருக்கு உண்மையான வேலை. ஜூரோங் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை போட ஆரம்பித்தபோது, வேலைக்கு ஆகாமல் போனால் இது 'கோவின் முட்டாள்தனம்' என்றுதான் பேர் வாங்கும் என்று சொன்னவர். 1965-ல் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். படை என்று சொல்லிக்கொள்ள இரண்டு பட்டாளம். இஸ்ரேலிலிருந்து ராணுவ ஆலோசகர்களை வரவழைத்தார்கள். சுற்றிலும் முஸ்லிம் நாடுகள், வெளியே தெரிந்தால் வம்பு. அதனால் அவர்களுக்கு 'மெக்சிகோக்காரர்கள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1967-ல் கட்டாயத் தேசிய சேவை வந்தது. இதற்கு நடுவில் ஜூரோங்கில் ஒரு பறவைப் பூங்காவும் வேண்டும் என்றார். மிருகங்களுக்கு இறைச்சி போட்டுக் கட்டாது, பறவைக்குத் தானியம் போதும் என்று கணக்குப் போட்டதாகச் சொல்வார்கள். ஆளைத் தெரிந்தவர்கள் நம்பிவிடுவார்கள்.

தாளில் பெயர் இல்லாதவர்களும் உண்டு. ஆல்பர்ட் வின்செமியஸ் என்ற டச்சுக்காரர், 1960-ல் ஐநா குழுவோடு வந்து பார்த்தவர், 1984 வரை சம்பளம் இல்லாமல் பொருளாதார ஆலோசகராக இருந்தார். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு அடிபோட்ட ராஃபிள்ஸின் சிலையை இடிக்காதீர்கள் என்று சொன்னவர் இவர். வெள்ளைக்கார முதலாளி அதைப் பார்த்தால் இங்கே பணம் போட பயமில்லை என்று நினைப்பான், அதுதான் கணக்கு. சுபிர் சைட், சுமத்ராவிலிருந்து வந்த இசைக்காரர், தேசிய கீதத்தை எழுதி மெட்டமைத்தவர். முதலில் அது 1958-ல் நகராட்சி ஒரு அரங்கத் திறப்பு விழாவுக்குக் கேட்டு வாங்கிய பாட்டு!

நம் பக்கத்தில் கோ. சாரங்கபாணி. திருவாரூரிலிருந்து 1924-ல் போனவர், 1935-ல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கியவர். ஐம்பதுகளில் குடியுரிமை கொடுக்க ஆரம்பித்தபோது, இங்கே சம்பாதித்து அங்கே அனுப்பிக்கொண்டிருந்த தமிழர்களிடம் பதிந்துகொள்ளுங்கள், பதிந்துகொள்ளுங்கள் என்று ஓயாமல் எழுதினார். தமிழ் இன்று அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்றால், அதைக் கேட்டு வாங்க அங்கே குடிமக்கள் என்று ஒரு கூட்டம் இருந்தாக வேண்டும் அல்லவா. அந்தக் கூட்டத்தை உருவாக்கியதில் பெரிய பங்கு அவருடையது.

லிம் சின் சியோங்கையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பட்டியல் பொய். லீயோடு ஒரே கட்சியில் தொடங்கியவர், 22 வயதில் 1955 தேர்தலில் ஜெயித்தவர், சீனத் தொழிலாளர் கூட்டம் அவர் பேச்சுக்காக மணிக்கணக்கில் நிற்கும். 1961-ல் கட்சி உடைந்தபோது எதிர்ப்பக்கம் போனார், 1963 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கைது. நாடு பிறந்த அன்று அவர் சிறையில் இருந்தார். பிரிட்டிஷ்காரர்களை வெளியே அனுப்பக் கூட்டம் சேர்த்தவரை நிறுவனர் என்று சொல்வதா கூடாதா என்று இன்றும் சண்டை. என்னைக் கேட்டால் சொல்லலாம்.

சரி, உறுதிமொழிக்கு வருகிறேன்.

1966 பிப்ரவரி. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சொல்ல ஒரு உறுதிமொழி வேண்டும் என்று கல்வி அமைச்சர் ஓங் பாங் பூன் ராஜரத்தினத்துக்கு இரண்டு மாதிரிகளை அனுப்புகிறார். ராஜரத்தினம் இப்போது வெளியுறவு அமைச்சர். ஐந்து மாதத்துக்கு முன்தான் ஐநாவில் 117-வது நாடாகச் சிங்கப்பூரைச் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார், அடுத்த வருடம் பாங்காக்கில் ஆசியான் உடன்பாட்டில் கையெழுத்துப் போடப்போகிறார். நடுவில் இந்த வேலை. அனுப்பியதை வைத்துக்கொண்டு தானே ஒன்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஆங்கிலத்தில் அவர் எழுதியது, இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்ட மக்களாவோம் என்று போகும். மறந்து. வளர்ந்த நாடு, கட்டிய கூட்டணி எல்லாவற்றையும் ஒரு தாளில் கைவிட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது அவருக்கு.

லீ குவான் யூ அதைத் திருத்தினார். அவர் மனிதர்களை அறிந்தவர், யாரும் எதையும் மறக்கப்போவதில்லை என்று தெரியும். 'மறந்து' போய், இனம், மொழி, மதம் பாராமல் என்கிற மாதிரியான சொல் வந்தது. இருக்கிறது, ஆனால் கணக்கில் எடுக்க மாட்டோம். அரசாங்கம் நடத்துகிறவரின் சொல் அது. திருத்தம் நல்ல திருத்தம்தான், வாக்கியமும் சிக்கென்று இருக்கிறது. அந்த ஆகஸ்டிலிருந்து பள்ளிகளில் சொல்ல ஆரம்பித்தார்கள், இன்றும் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆனால் தமிழில்? சோபாவில் தலைகீழாகத் தொங்கியபடி அந்தப் பெண் சொன்னது, "வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு". ராஜரத்தினம் முதலில் எழுதிய சொல், அவர் தாய்மொழியில், அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இது எனக்குத் தட்டுப்பட்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகை என்பீர்கள்.

அவரை 'நம்ம ஆள்' என்று தமிழர்கள் கொண்டாடும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், அவர் அதை விரும்பியிருக்க மாட்டார் என்று. சிங்கப்பூரர் என்பது வம்சாவளியால் வருவதில்லை, நம்பிக்கையாலும் தேர்வாலும் வருவது என்று சொன்னவர். இனவாரியாக உதவி அமைப்புகள் வந்தபோது அதையும் எதிர்த்தார். இப்போது இந்தப் பதிவிலும் வட்டுக்கோட்டை, தாய்மொழி என்று நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

இதைச் சொல்லலாமா என்று யோசித்து எழுதுகிறேன். தொண்ணூறுகளில் ராஜரத்தினத்துக்கு மறதி நோய் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் போனது, கடைசி வருடங்களில் பேச்சும் இல்லை. 2006 பிப்ரவரி 22 அன்று, 91-வது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது இறந்தார்.

அந்தப் பெண் இப்போது உயர்நிலைப் பள்ளியில். போன மாதம் பேசும்போது, உறுதிமொழியை யார் எழுதினது என்று மறுபடி கேட்டுப் பார்த்தேன். "அங்கிள், அதான் அப்பவே சொன்னீங்களே," என்றாள். பெயரைச் சொல்லவில்லை.